பார் தூக்குபவர்களின் தோள் வலி: எங்கே வலிக்கிறது, என்ன செய்வது

தோள் வலிக்கிறது என்று ஜிம்மில் சொன்னால் இரண்டு பதில்கள்தான் கிடைக்கும். ஒன்று, "ஒரு மாசம் ரெஸ்ட் எடு." இன்னொன்று, "உடம்பு சூடானா சரியாயிடும், தூக்கு." எந்த இடத்தில் வலி, எந்த அசைவில் வலி, கை எந்த உயரத்தில் இருக்கும்போது வலி என்று இரண்டு பேருமே கேட்பதில்லை. தோளைப் பொறுத்தவரை அந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அதனால் இங்கே அறிகுறிவாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் பகுதியை மட்டும் படித்தால் போதும். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

அதற்கு முன் மூட்டைப் பற்றி நான்கு வரி. மேற்கை எலும்பின் பெரிய உருண்டைத் தலை, ஆழமில்லாத சிறு குழியில் உட்கார்ந்திருக்கிறது. காபி டபராவில் வைத்த ஆரஞ்சுப் பழம் போல. கை எல்லாத் திசையிலும் சுழல்வது அதனால்தான், எளிதில் நழுவுவதும் அதனால்தான். உருண்டையைக் குழியின் நடுவிலேயே பிடித்து வைப்பது ரொட்டேட்டர் கஃப் என்கிற நான்கு சிறு தசைகளின் வேலை. கண்ணாடியில் தெரியும் டெல்டாய்டும் (தோளை மூடியிருக்கும் பெரிய தசை) மார்புத் தசையும் எவ்வளவு வளர்ந்தாலும், இந்த நான்கும் அசந்தால் கையில் இருக்கும் பார், அதாவது எடை மாட்டும் இரும்புக் கம்பி, ஆட்டம் காணும்.

இவை இருந்தால் பயிற்சியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்

இடது தோளில் வலி, கூடவே நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், தாடைவரை இழுக்கும் வலி. இது தோள் பிரச்சினையாக இல்லாமல் இதயப் பிரச்சினையாக இருக்கலாம். செட் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

பார் பின்பக்கம் போய் கையையும் இழுத்துக்கொண்டு போனது, தோளின் உருண்டை வடிவம் போய்ச் சதுரமாகத் தெரிகிறது, கையை அசைக்க முடியவில்லை என்றால் மூட்டு நழுவியிருக்கும். பக்கத்தில் நிற்பவர் யாராவது "நான் இழுத்து உட்கார வைக்கிறேன்" என்று வருவார். விடாதீர்கள். சுளுக்கு எடுப்பவரிடமும் போக வேண்டாம். எலும்பு விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் இழுத்தால், அக்குளை ஒட்டி ஓடும் நரம்பும் சேர்ந்து அடிபடலாம். தோளின் வெளிப்புறத்தில் உள்ளங்கை அளவு இடம் மரத்துப் போயிருந்தால் அந்த நரம்பு ஏற்கனவே அழுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். டாக்டரிடம் முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள். ஒரு துண்டில் கையைத் தொட்டில் கட்டி, கை எந்த நிலையில் வசதியாக இருக்கிறதோ அப்படியே வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பெஞ்ச் பிரஸ்ஸில் பார் மார்புக்கு இறங்கும் கடைசிக் கட்டத்தில் 'பட்' என்று ஒரு உணர்வு, அப்புறம் மேற்கையிலும் அக்குளிலும் நீலமாக ரத்தக்கட்டு, அக்குளின் முன்மடிப்பு மற்றப் பக்கத்தைவிட மெலிந்து தெரிகிறது. இது மார்புத் தசையை எலும்போடு இணைக்கும் நாண் அறுந்ததற்கான அடையாளம். இதில் நாள் கடத்துவதுதான் பெரிய நஷ்டம். முதல் சில வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்தால் நாணை எலும்போடு நன்றாகத் தைக்க முடியும். மாதக்கணக்கில் விட்டால் தசை சுருங்கி உள்ளே போய்விடும்.

விழுந்த பிறகோ, பாரைத் திடீரென்று தாங்கிய பிறகோ கையை நீங்களாகத் தூக்க முடியவில்லை, இன்னொருவர் தூக்கிவிட்டால் மேலே போகிறது, விட்டவுடன் தொப்பென்று விழுகிறது என்றால் ரொட்டேட்டர் கஃப் முழுதாகக் கிழிந்திருக்கலாம். நாற்பது வயதைத் தாண்டியவருக்கு மூட்டு நழுவினால் இந்தக் கிழிசலும் கூடவே வருவது அதிகம். காய்ச்சலோடு மூட்டு சிவந்து சுட்டாலும், எந்த நிலையிலும் குறையாத ராத்திரி வலியோடு எடை குறைந்தாலும், அதற்கு மருந்து உடற்பயிற்சியில் இல்லை.

இவை எதுவும் இல்லையா? சரி, மேலே போகலாம்.

பக்கவாட்டில் தூக்கும்போது நடுவழியில் மட்டும் வலிக்கிறது

ஜிம்முக்கு வருபவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். தொங்கவிட்ட கையை மெதுவாகப் பக்கவாட்டில் தூக்குங்கள். ஆரம்பத்தில் ஒன்றும் இருக்காது. 60 டிகிரி வாக்கில் பிடிக்கும், 120ஐத் தாண்டியதும் விட்டுவிடும், இறக்கும்போது அதே இடத்தில் மறுபடி பிடிக்கும். வலி தோளின் வெளிப்புறத்தில், அரைக்கைச் சட்டையின் கை முடியும் இடம்வரை பரவும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் போச்சு.

தோளின் கூரை போன்ற அக்ரோமியன் எலும்புக்கு அடியில் ஓடும் நாண்தான் இங்கே தொல்லை கொடுக்கிறது. எலும்பு உரசி நாண் தேய்கிறது, எனவே எலும்பைச் சீவினால் சரியாகும் என்று 1972இல் சார்லஸ் நீர் என்கிற அமெரிக்க எலும்பு மருத்துவர் எழுதினார். பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க அந்த அறுவை சிகிச்சை நடந்தது. 2018இல் பிரிட்டனில் 313 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை வெளியானது. ஒரு பிரிவுக்கு எலும்பைச் சீவினார்கள், இன்னொரு பிரிவுக்குக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுச் சீவாமலே தைத்துவிட்டார்கள், மூன்றாம் பிரிவுக்குச் சிகிச்சையே தரவில்லை. சீவியவர்களுக்கும் சீவாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. சிகிச்சை இல்லாதவர்களைவிட இரு பிரிவினரும் கொஞ்சம் மேலாக இருந்தார்கள், ஆனால் நோயாளிக்கே பெரிதாகத் தெரியும் அளவுக்கு அல்ல. அதனால் "எலும்பு உரசுது, சீவணும்" என்று யாராவது முதல் சந்திப்பிலேயே சொன்னால், இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள்.

என் அனுபவத்தில் இந்த வலிக்குப் பின்னால் கிட்டத்தட்ட எப்போதும் ஒரு கணக்குப் பிசகு இருக்கும். கடந்த ஒன்றிரண்டு மாதத்தில் என்ன மாறியது என்று பயிற்சி நோட்டைப் புரட்டுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் செய்த ஷோல்டர் பிரஸ்ஸை மூன்று நாளாக்கியிருப்பீர்கள். பரீட்சை, கல்யாணம், ஊர்ப் பயணம் என்று இடைவெளி விட்டுத் திரும்பிவந்து, பழைய எடையிலேயே தொடங்கியிருப்பீர்கள். தசை சீக்கிரம் பழைய பலத்துக்கு வந்துவிடும். நாண் மெதுவாகத்தான் வரும்.

முதல் இரண்டு வாரத்துக்கு லேட்டரல் ரைஸ் (கையைப் பக்கவாட்டில் தூக்குவது), அப்ரைட் ரோ (பாரை உடம்பையொட்டி மேலே இழுப்பது), கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ் மூன்றையும் நிறுத்துங்கள். மற்றதை நிறுத்த வேண்டாம். ரோ, டெட்லிஃப்ட், ஸ்குவாட் எல்லாம் ஓடட்டும். தலைக்கு மேல் பிரஸ்ஸுக்குப் பதிலாக லேண்ட்மைன் பிரஸ் செய்யுங்கள். அதற்கென்று தனிக் கருவி தேவையில்லை. பழைய துண்டைச் சுற்றிய பாரின் ஒரு முனையைச் சுவர் மூலையில் முட்டுக்கொடுத்து, மறுமுனையை ஒரு கையால் முன்னும் மேலுமாகத் தள்ளினால் போதும். கை செங்குத்தாக மேலே போகாமல் சாய்ந்து போவதால் வலிக்கும் கோணம் பெரும்பாலும் தவிர்ந்துவிடும்.

இதோடு இரண்டு பயிற்சிகள், வாரத்தில் மூன்று நாள். முதலாவது: வலியில்லாத பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். மேலே இருக்கும் கையின் முழங்கையை 90 டிகிரி மடித்து, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் சுருட்டிய கைத்துண்டு வையுங்கள். கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அது கிட்டத்தட்ட ஒரு கிலோ. முன்கையை மேல்நோக்கித் திருப்பி, மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறக்குங்கள். துண்டு நழுவி விழுந்தால் முழங்கை விலகுகிறது, டெல்டாய்டு வேலையைப் பறித்துக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது: நின்றபடி, கட்டை விரல் மேலே பார்க்க, கையை நேர் பக்கவாட்டில் இல்லாமல் 30 டிகிரி முன்னால் தள்ளித் தூக்குங்கள். இரண்டிலும் 12 முதல் 15 தடவை, மூன்று செட். அடுத்தடுத்த இரண்டு நாட்களில் 15 எளிதாக வந்தால் அரைக் கிலோ ஏற்றலாம். இரண்டு கிலோ டம்பெல்லைப் பார்த்து இளக்காரமாக நினைப்பவர்கள் ஒரு செட் ஒழுங்காகச் செய்துவிட்டுப் பேசட்டும்.

செய்யும்போது வலியே இருக்கக் கூடாது என்பதில்லை. பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி பரவாயில்லை. மறுநாள் காலை தோள் எப்படி இருக்கிறது என்பதுதான் தேர்வு. முந்தின நாள் இருந்த நிலைக்குத் திரும்பியிருந்தால் அதே எடையில் தொடருங்கள். கூடியிருந்தால் செட்டில் ஒன்றைக் குறையுங்கள். ஆறு வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும், முழுப் பலம் வர மூன்று மாதம்கூட ஆகலாம். மூன்றாம் வாரத்தில் வலி அடங்கியதும் இந்தப் பயிற்சிகளை விட்டுவிட்டு நேரே பழைய பிரஸ்ஸுக்குப் போகிறவர்கள்தான் நான்காம் மாதம் அதே வலியோடு திரும்பி வருகிறார்கள்.

தோளின் உச்சியில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி

"எங்கே?" என்று கேட்டால் உள்ளங்கையால் தடவாமல், காறை எலும்பு (கழுத்தடியிலிருந்து தோளுக்கு ஓடும் எலும்பு) முடியும் இடத்தில் ஒரே விரலை வைக்கிறீர்களா? வலிக்கும் பக்கத்துக் கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து எதிர்த் தோளைத் தொட்டுப் பாருங்கள். அங்கேயே சுரீர் என்றால் காறை எலும்பும் அக்ரோமியனும் சேரும் சிறு மூட்டில் கோளாறு. பளு தூக்குபவர்களுக்கே உரிய ஒரு வகை உண்டு: ஆண்டுக்கணக்கில் கனமான பெஞ்ச் பிரஸ், டிப்ஸ் செய்ததில் காறை எலும்பின் நுனி கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். எக்ஸ்ரேயில் தெரியும்.

இதற்கு வழி, முழங்கை உடம்புக்குப் பின்னால் ஆழமாகப் போகும் எதையும் குறைப்பது. டிப்ஸ் முற்றிலும் வேண்டாம். பெஞ்சுக்குப் பதில் தரையில் படுத்துச் செய்யும் ஃப்ளோர் பிரஸ். தரை முழங்கையைத் தானாகவே நிறுத்திவிடும். பெஞ்ச்தான் வேண்டும் என்றால் மார்பில் ஒரு தடித்த துண்டைச் சுருட்டி வைத்து, பார் அதைத் தொட்டதும் மேலே தள்ளுங்கள். பிடியின் அகலம் தோள் அகலத்தின் ஒன்றரை மடங்குக்குள் இருக்கட்டும். கிளீன் (பாரைத் தரையிலிருந்து தோளுக்குக் கொண்டுவருவது) செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, பார் வந்து உட்காருவதே இந்த மூட்டின் மேல்தான். சில வாரம், பாரைத் தோளில் வாங்காமல் இழுக்க மட்டும் செய்யும் கிளீன் புல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆறுவதற்கு மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் விடவில்லை என்றால், எலும்பு நுனியில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது.

முன்பக்கம், பைசெப்ஸின் மேல்நுனியில் வலி

கர்ல், சின்-அப் செய்யும்போதும், கையை முன்னால் நீட்டிப் பையைத் தூக்கும்போதும் தோளின் முன்பக்கத்தில் வலிக்கும். பெரும்பாலும் இது தனியாக வருவதில்லை, நடுவழி வலியோடு சேர்ந்தே வரும். அதற்கான பயிற்சிகளே இதற்கும் போதும். சாய்ந்த பெஞ்சில் செய்யும் கர்லை மட்டும் நிறுத்திவையுங்கள். ஒரு நாள் 'டக்' என்று சத்தம் கேட்டு, பைசெப்ஸ் முழங்கைப் பக்கம் உருண்டையாகத் திரண்டு நின்றால் நீள நாண் அறுந்துவிட்டது, டாக்டரைப் பாருங்கள்.

உள்ளே ஆழத்தில் 'க்ளிக்'

வலியில்லாத க்ளிக்கைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆரோக்கியமான தோள்களும் சத்தம் போடும். க்ளிக்கோடு உள்ளே வலியும், மூட்டு மாட்டிக்கொண்டு விடுபடுவது போன்ற உணர்வும் இருந்தால், குழியின் விளிம்பில் இருக்கும் லேப்ரம் என்ற வளையம் கிழிந்திருக்கலாம். இதைப் பிசியோ கையால் செய்யும் சோதனைகளை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்வது கடினம்.

ஸ்னாட்ச் பிடிக்கும்போது தோள் நழுவிவிடும் போல் இருக்கிறது

ஸ்னாட்ச் என்பது பாரைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது. வலியைவிட இங்கே பயம்தான் முக்கிய அறிகுறி. கையை உயர்த்திப் பின்னால் திருப்பும்போது "இதோ போயிடும்" என்று உடம்பே தடுக்கும். முன்பு ஒரு முறை நழுவியவர்களுக்கு இது வரும். இருபது வயதுக்குள் முதல் முறை நழுவியவர்களில் பெரும்பாலானோருக்கு மறுபடி நழுவுகிறது. எனவே போட்டிக்குப் போகும் இளைஞர் என்றால் முதல் தடவையிலேயே ஆர்த்தோ டாக்டரிடம் அறுவை சிகிச்சை பற்றியும் பேசிவிடுவது நல்லது.

ஒரு விஷயம் நம் ஊர் ஜிம்களில் கண்கூடாகப் பார்ப்பது. ரப்பர் பிளேட் கிடையாது, இரும்பு பிளேட்தான்; தரையில் டைல்ஸ். பாரைப் போட்டால் ஓனர் கத்துவார். அதனால் ஸ்னாட்ச் தவறிப் பின்னால் போகும்போது விட வேண்டிய கை விடாமல் பிடித்துக்கொள்கிறது. தோள் நழுவுவது அந்த ஒரு நொடியில்தான். பாரைப் பாதுகாப்பாகப் போட முடியாத இடத்தில் ஸ்னாட்ச் செய்யவே வேண்டாம். போட முடிகிற இடத்தில், வெறும் பாரை வைத்து, முன்னால் தாவிப் பாரைப் பின்னால் விடுவதையே ஒரு பயிற்சியாகச் செய்யுங்கள்.

எந்தப் பக்கம் திருப்பினாலும் கை மறுக்கிறது

முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடித்துக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். முடியவில்லையா? இன்னொருவர் திருப்பினாலும் அதே இடத்தில் சுவர் போல் நிற்கிறதா? பலம் குறைந்த தோள் என்றால் மற்றவர் திருப்பும்போது போகும். இது உறைந்த தோள். நாற்பதிலிருந்து அறுபது வயதில் அதிகம், சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். சர்க்கரை இருப்பதே தெரியாமல் தோளுக்காக வந்து, ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களும் உண்டு. வலி கடுமையாக இருக்கும் கட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து நீட்டினால் இன்னும் மோசமாகும். குணமாக ஓராண்டுக்கு மேல்கூட ஆகும். அதுவரை கால், இடுப்பு, மற்றக் கை எல்லாவற்றுக்கும் பயிற்சி தொடரலாம்.

வலி முழங்கையைத் தாண்டி விரல்வரை போகிறது

தோளிலிருந்து கிளம்பும் வலி முழங்கைக்குக் கீழே அரிதாகத்தான் இறங்கும். கட்டை விரலில் குறுகுறுப்பு, மரத்துப்போதல், கழுத்தைத் திருப்பினால் கூடும் வலி, கையைத் தலைமேல் வைத்துக்கொண்டால் ஆறுதல் என்றால் கழுத்து நரம்பைச் சந்தேகியுங்கள். தோளுக்கு எத்தனை ரப்பர் பேண்ட் இழுத்தாலும் இது போகாது.

எம்ஆர்ஐயில் 'கிழிசல்' என்று வந்திருக்கிறதே?

1995இல் வெளியான ஓர் ஆய்வில், தோளில் எந்தத் தொல்லையும் இல்லாத 96 பேரை ஸ்கேன் செய்தார்கள். அவர்களில் 34 சதவீதம் பேருக்கு ரொட்டேட்டர் கஃப்பில் கிழிசல் இருந்தது. அறுபதைத் தாண்டியவர்களில் 54 சதவீதம். அதனால் ரிப்போர்ட்டில் 'பகுதிக் கிழிசல்' என்று இருப்பதாலேயே உங்கள் வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவு செய்ய முடியாது. அடிபட்டு, கை பலம் போய், அப்புறம் ஸ்கேனில் முழுக் கிழிசல் தெரிந்தால் கதை வேறு.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். அந்த நிம்மதியில் பழைய எடையைத் தொடுவதுதான் ஆபத்து. ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரமாவது கனம் வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தச் சர்க்கரை அளவு சில நாள் ஏறும். பயிற்சிக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு தூக்குவதை மட்டும் செய்யாதீர்கள். மறுநாள் காலைத் தேர்வையே அது பொய்யாக்கிவிடும்.

பாருக்குத் திரும்புவது

இந்தியப் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவின் தோள், முதுகுச் சிக்கல் நினைவிருக்கலாம். 2020 கடைசியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்குப் போய் ஏரன் ஹோர்ஷிக் என்ற பிசியோவிடம் பயிற்சி எடுத்தார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் நடந்த ஆசியப் போட்டியில் ஸ்னாட்ச்சில் 85 கிலோ இரண்டு முறை தவறியது, மூன்றாவதில் 86ஐத் தூக்கினார். அதே நாளில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் (தோளுக்கு எடுத்து, பிறகு தலைக்கு மேல் தள்ளுவது) 119 கிலோ, உலக சாதனை. ஜூலையில் டோக்கியோவில் 87, 115, மொத்தம் 202, வெள்ளி. ஒரே தோளுக்குள் ஓர் அசைவு தடுமாறுகிறது, இன்னொன்று உலக சாதனை படைக்கிறது. எனவே "தோள் சரியாகிவிட்டதா" என்று மொத்தமாகக் கேட்காமல் ஒவ்வொரு லிஃப்டையும் தனித்தனியாகத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

வரிசை இப்படி இருக்கலாம். பாரை இழுக்கும் 'புல்' வகைகளை முதல் நாளிலிருந்தே தொடரலாம், நழுவிய தோள் என்றால் டாக்டர் சொன்ன பிறகு. ஸ்குவாட்டில் பாரைத் தாழ்வாக முதுகில் வைத்தால் தோள் நிறையத் திரும்ப வேண்டியிருக்கும். கழுத்தடியில் உயர்த்தி வையுங்கள், அல்லது ஃபிரண்ட் ஸ்குவாட்டில் பாரில் ஸ்ட்ராப் கட்டிப் பிடியுங்கள். அடுத்து லேண்ட்மைன், டம்பெல் பிரஸ், பிறகு பாரில் நின்றபடி பிரஸ். அது வலியில்லாமல் வந்தபின் காலால் உந்தித் தள்ளும் புஷ் பிரஸ், அப்புறம் ஜெர்க். ஸ்னாட்ச் கடைசி: 15 கிலோ பாரில் ஓவர்ஹெட் ஸ்குவாட், மேலே மூன்று நொடி அசையாமல் பிடித்தல், அதன் பிறகுதான் தொங்கு நிலையிலிருந்து ஸ்னாட்ச், பிறகு தரையிலிருந்து.

ஒவ்வொரு படியிலும் முதலில் தடவைகளைக் கூட்டுங்கள், பிறகு எடையை, கடைசியில் வேகத்தை. மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம். பழைய அதிகபட்ச எடையில் பாதியில் தொடங்கி, வாரத்துக்கு அந்த அதிகபட்சத்தில் ஐந்து சதவீதம் ஏற்றினால் இரண்டரை மாதத்தில் பழைய இடத்தை எட்டிவிடலாம். ஜெர்க்குக்குப் போகுமுன் ஒருக்களித்துப் படுத்துச் செய்யும் அந்தத் தண்ணீர் பாட்டில் பயிற்சியில் இரண்டு கைகளையும் ஒப்பிடுங்கள். ஒரே எடையில் நல்ல கை 20 தடவை செய்தால் அடிபட்ட கை குறைந்தது 18 தடவை செய்ய வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட எடையில் மட்டும் வலி திரும்பத் திரும்ப வந்தால் பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். அந்த எடையில் பார் தலைக்கு முன்னாலேயே நின்றுவிடும், அல்லது ஒரு முழங்கை தாமதமாகப் பூட்டும். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் துளி மாற்றமும் இல்லை என்றால் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் ஆர்த்தோ டாக்டரிடம் போங்கள். போகும்போது எம்ஆர்ஐ ரிப்போர்ட்டோடு உங்கள் பயிற்சி நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.